ஆட்டுப் பல்

வரவேற்பறை ஷோகேஸில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த நத்தைக்கல்லைப் போன மாதம் எடுத்து என் மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன். உள்ளங்கை அகலம் இருக்கும். செம்மறிக் கிடாயின் கொம்பு போலச் சுருண்டு, வரிவரியாக இருக்கும். வீட்டுக்கு வருகிற நண்பர்கள் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்கள். "எங்க ஊர்க் கல்லு, பத்துக் கோடி வருஷம் பழசு" என்று நான் ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்வரை நிறுத்த மாட்டேன் என்பது மனைவியின் புகார். ஏன் எடுத்துவிட்டாய் என்று பெண் கேட்டபோது தூசி படிகிறது என்று சொன்னேன். பொய்தான். போன ஜூலையில் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் அப்பா ஒரு கேள்வி கேட்டார். நாலு வார்த்தைதான் இருக்கும். அதற்கு அப்புறம் அந்தக் கல்லை யாராவது கையில் எடுத்தால் எனக்கு வாய் வருவதில்லை.

மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிக்கொண்டு போக எழுதி வைத்தது போல ஒரு பாதை உண்டு. மேற்கே ஐ-90 சாலையைப் பிடித்தால் நாலு ஜனாதிபதிகளின் தலையை மலையில் செதுக்கி வைத்த மவுண்ட் ரஷ்மோர், அங்கிருந்து யெல்லோஸ்டோன். இடையில் பேட்லேண்ட்ஸ். அதற்காக யாரும் கிளம்புவதில்லை, போகிற வழியில் இருப்பதால் பார்ப்பதுதான். என் எக்செல் தாளிலும் "பேட்லேண்ட்ஸ் - 2 மணி நேரம்" என்றுதான் இருந்தது. புளியோதரை, தயிர்சாதம், அம்மாவின் முட்டிவலித் தைலம், குளிர்பெட்டி நிறையத் தண்ணீர் எல்லாவற்றோடும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம்.

அப்பாவுக்கு மினசோட்டா முழுக்க மக்காச்சோளம்தான் வேடிக்கை. பெரம்பலூர் மாவட்டத்துக்காரர், பருத்தியும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போட்டு எங்களைப் படிக்க வைத்தவர். மணிக்கணக்காக ஒரே பயிர் ஓடிக்கொண்டே இருந்தால் கண்ணை எடுக்க முடியுமா? "ஒரு ஆளக் காணுமேடா வயக்காட்டுல" என்பதையே நாலு முறை சொன்னார். மிட்செல் ஊரில் மக்காச்சோள அரண்மனை என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1892இல் தொடங்கிய வழக்கமாம், சுவர் முழுக்கக் கதிர்களை ஒட்டிப் படம் படமாகச் செய்து வைத்திருப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் எல்லாம் நிற்கிற இடம். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "அரைச்சுக் கோழிக்காவது போட்டிருக்கலாம்" என்றார். மிசௌரி ஆற்றைத் தாண்டியதும் சோளம் மெலிந்து புல்வெளியாகிவிட்டது. அதற்குச் சற்று மேற்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. மாத்திரையை எந்த மணிப்படி போடுவது என்று மட்டும் கேட்டார்.

131ஆம் எண் எக்ஸிட்டில் இறங்கித் தெற்கே திரும்பினால் அப்போதும் ஒன்றும் தெரியாது. சப்பைப் புல்வெளி, கம்பிவேலி, வானம். பூங்காவின் நுழைவாயிலில் காசைக் கட்டிவிட்டு முதல் பார்வையிடத்தில் வண்டியை நிறுத்திப் பத்தடி நடந்தால், காலுக்கு முன்னால் தரை இல்லை. மலையென்றால் தூரத்திலிருந்தே தெரியும், நாம் அண்ணாந்து பார்ப்போம். இது அப்படியில்லை. நிற்கிற தரைமட்டத்துக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மண் அறுபட்டு, கூர்கூராக, மடிப்பு மடிப்பாக, சாம்பலும் வெளிர்மஞ்சளும் செம்மண் கோடுகளுமாகக் கிடந்தது. மரமென்று சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டிருக்கும். மனைவி "அடேங்கப்பா" என்றாள். பெண் செல்போனைத் தூக்கினாள். அம்மா காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு திரும்பி, "நம்ம காரை மாதிரியே இருக்குடா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 850 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, உலகத்தில் எங்கேயும் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டுகிறேன் என்ற நினைப்பில் நிற்கிறேன். இவர் எங்கள் ஊர்ப் பக்கம் காரையில் ஆடு மேய்த்த பொட்டலை இழுக்கிறார். ஊரிலிருந்து வந்தவர்கள் எதைப் பார்த்தாலும் ஊரில் இருப்பதோடு ஒப்பிடுவது ஒரு வியாதி என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். சுப்பீரியர் ஏரியைப் பார்த்து வீராணம் என்றவர்தானே.

காரை

அன்று ராத்திரி ஓட்டலில் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது ஒப்பீடே இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசியப் புவியியல் சின்னங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சாத்தனூர் கல்மரம் அதில் உண்டு, எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில் காரை - கொளக்காநத்தம் வழியில் இருக்கிற அந்த ஓடைக்காடும் இருக்கிறது. அதற்கு அவர்கள் கொடுத்திருக்கிற பெயரிலேயே "பேட்லேண்ட்ஸ்" என்ற சொல் இருக்கிறது. களிமண்ணும் வண்டலும் இறுகிய இளம்பாறை, பிடித்து நிறுத்தப் புல்பூண்டு இல்லாத தரை, அவ்வப்போது அடித்து ஊற்றுகிற மழை. இந்த மூன்றும் சேர்ந்தால் நிலம் இப்படித்தான் அறுபடும், அதற்கு உலகம் முழுக்க இதுதான் பெயர். அப்பா ஒரே பார்வையில் சொன்னதை நான் செல்போனில் ஒரு மணி நேரம் செலவழித்துக் கண்டுபிடித்தேன்.

காரையைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல பகுதிகள் ஒரு காலத்தில் கடல். நான் ஊரில் இருந்தபோது சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டு இறங்கினால் போதும், ஓடைகளில் கிளிஞ்சலும், பென்சில் முனை போன்ற கற்களும், அதிர்ஷ்டம் இருந்தால் அம்மோனைட் என்கிற நத்தைக்கல்லும் கிடைக்கும். வெடித்த களிமண்ணில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லு போல மினுங்கும். அம்மோனைட் நத்தை இல்லை, கணவாய்க்குச் சொந்தக்கார உயிர் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. கண்டகி ஆற்றிலிருந்து வந்து பூஜை அறைகளில் உட்கார்ந்திருக்கும் சாளக்கிராமமும் இதே உயிரின் கல்தான். 2020இல் குன்னம் பக்கம் குளம் தோண்டும்போது உருண்டை உருண்டையாக வந்தவற்றை டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரப்பினார்களே, அவையும் இந்த அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய கல் உருண்டைகள்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் வந்து சொன்னார்கள். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

ஊரில் அதற்கெல்லாம் மதிப்பு கிடையாது. அது விளையாத பூமி. கணக்கில் வராத நிலத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயர் புறம்போக்கு, அந்தச் சொல்லையே எடுத்து மனிதனைத் திட்டவும் வைத்துக்கொண்டோம். இங்கேயும் பெயர் அதேதான். அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் இந்த இடத்தை மாக்கோ ஷீச்சா என்றார்கள், கெட்ட நிலம். பின்னால் தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களும் "கடந்து போகக் கெட்ட நிலம்" என்றார்கள். தண்ணீர் கிடையாது, கிடைத்தாலும் வண்டல் கலந்து பால் மாதிரி இருக்கும், குடிக்க ஆகாது. மழை பெய்தால் தரை சோப்பாகிவிடும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நடந்து போறவன் வச்ச பேருன்னா சரி" என்று ஏற்றுக்கொண்டார்.

ஒரு தேதிப் பொருத்தம் என்னை உறுத்தியது. பேட்லேண்ட்ஸிலிருந்து ஒரு தோல் வர்த்தகர் கொண்டுவந்த பெரிய தாடை எலும்புத் துண்டை செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் ஹைரம் பிரௌட் விவரித்து எழுதியது 1846. நம் பக்கத்துக் கடற்கற்களை கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் பொறுக்கி அனுப்பி, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்து அச்சேற்றியதும் 1846. இரண்டு கெட்ட நிலங்களும் ஒரே வருடத்தில் அறிவியலின் கணக்கில் ஏறியிருக்கின்றன. அதற்கு ரொம்ப காலம் முன்பே லகோட்டாக்கள் அந்தப் பெரிய எலும்புகளையும் ஆமையோட்டையும் கடற்கிளிஞ்சலையும் பார்த்து, இது நீர் நின்ற இடம், இந்த மிருகங்கள் இப்போது இல்லை என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஃபோர்ப்ஸுக்கு யாரும் எழுதி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கதவுக்கு அப்பால்

அந்த முதல் பார்வையிடத்தைத் தாண்டியதும் டோர் டிரெயில் என்று ஒரு நடைபாதை. சுவர் போல நிற்கிற மண்மலையில் கதவு திறந்தாற்போல ஒரு இடைவெளி, பலகைப் பாதை அதுவரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் பாதை கிடையாது. மஞ்சள் நிற அடையாளக் கம்புகளைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். கம்புகளை விட்டு விலகினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். மற்ற பல தேசியப் பூங்காக்களைப் போல இல்லாமல், இங்கே எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதுதான் விதி. தண்ணீர் எடுத்துக்கொள், வாலில் கிலுகிலுப்பை வைத்த பாம்பு இருக்கிறது, பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

அம்மாவையும் மனைவியையும் ஏசி போட்ட காரில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் பெண்ணும் போனோம். எழுபத்திரண்டு வயதில் அப்பா ஊரில் மருந்துக்கடை வரை நடப்பதற்கே சலித்துக்கொள்வார். இங்கே கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடைக்குள் இறங்கி ஏறியதைப் பார்க்க வேண்டும். எந்த மண்ணில் கால் வழுக்கும், எது பிடிக்கும் என்று அவர் கால் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனது. மேலே பார்க்கவேயில்லை. காட்சியெல்லாம் மேலே இருக்க அவர் கண் தரையில் இருந்தது. நான் பெண்ணை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆளைக் காணோம். அப்புறம் ஒரு மண்மேட்டின் பின்னாலிருந்து, "பாப்பா, இங்க வா, ஆட்டுப் பல்லு" என்று குரல் வந்தது.

கட்டைவிரல் நீளத்துக்குச் சற்று அதிகம். வெளுத்த தாடைத் துண்டில் நாலைந்து பற்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் பிறைநிலா மாதிரி மேடு. ஊரில் ஆட்டுத் தலை வாங்கிச் சுட்டுச் சாப்பிட்ட எவனுக்கும் அது ஆட்டுப் பல் என்றுதான் தோன்றும். ஆனால் கல். அப்பா அதைக் கையில் எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்திருக்கவில்லை. பிறகு சட்டைப் பைக்குள் போடப் போனார்.

"அப்பா, அதைக் கீழ வைங்க."

"இருடா, அப்பாயிகிட்டயும் காட்டிட்டு..."

"வைங்கன்னு சொல்றேன்ல. இது இல்லீகல். இங்க ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. ஃபைன் போடுவான், விசால குத்துவான், உங்களுக்குத் தெரியாது."

சொன்ன விஷயம் சரி. பூங்காவுக்குள் எலும்போ கல்லோ பூவோ எதையும் எடுக்கக் கூடாது, புதைபடிவம் கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்து தகவல் சொல்ல வேண்டும், போகிற வழியெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். விசாவில் குத்துவான் என்பது நானாகச் சேர்த்தது. தப்பு என்னவென்றால் சொன்ன தொனி. சூப்பர் மார்க்கெட்டில் பெண் சாக்லேட்டைக் கூடையில் போடும்போது எந்தக் குரலில் சொல்வேனோ அதே குரல். கம்புக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முதலில் அவர்களைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"இது ஓடை நடுவுல கெடக்குது தம்பி. நாளைக்கே ஒரு மழை வந்தா உருட்டிக்கிட்டுப் போயிடும். எடுத்துப் பத்திரமா வச்சா என்ன தப்பு?"

பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதும் சரி. இந்த மண் வருடத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரைகிறது என்கிறார்கள். மறுநாள் நாங்கள் பார்க்கப் போகிற ரஷ்மோர் கருங்கல்லுக்கு ஓர் அங்குலம் கரையப் பத்தாயிரம் வருடம் வேண்டும். ஆற்றுநீர் இந்த நிலத்தை அறுக்க ஆரம்பித்து ஐந்து லட்சம் வருடம் ஆகிறது. இன்னொரு ஐந்து லட்சம் வருடத்தில் மொத்தமும் காலியாகிவிடும் என்பது கணக்கு. மூன்று கோடி வருடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பல், வெளியே தலையை நீட்டிய பிறகு சில மழைக்காலம் தாங்கினால் அதிகம். கரைந்து போனாலும் போகட்டும், நீ தொடாதே என்று ஒரு சட்டம் சொன்னால் ஆடு மேய்த்த மனிதருக்கு அது எப்படி விளங்கும்? எனக்கே விளங்கவில்லை. "ரூல்னா ரூல்ப்பா" என்றேன்.

"சரி. உன் வீட்டு ஷோகேஸ்ல வச்சிருக்கியே, அது?"

"அது நம்ம ஊருப்பா. அங்க இந்த மாதிரி ரூல் எல்லாம் யாரும் பார்க்கறதில்ல. அங்க விட்டா எவனாவது ரோட்டுக்கு ஜல்லியா கொட்டிடுவான்."

அவர் அதற்கு மறுப்பு சொல்லவில்லை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற சுண்ணாம்புக்கல்லில் எத்தனை நத்தை, எத்தனை கிளிஞ்சல் அரைபட்டிருக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பல்லை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டே, சாதாரணமாக, பேச்சு வளர்க்கிற மாதிரிகூட இல்லாமல், "அத எந்த ஓடையில எடுத்த?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எட்டாவது படிக்கும்போது. சைக்கிளில் போனோம். கூட யார் இருந்தார்கள் என்பது நினைவிருக்கிறது, திரும்பி வரும்போது பஞ்சர் ஆனது நினைவிருக்கிறது. எந்த ஓடை? ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? மேலே கிடந்ததா, மண்ணிலிருந்து பெயர்த்தேனா? ஒன்றும் வரவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வந்த வழியே திரும்பினார். எனக்கு எல்லா ஓடையும் ஒன்று போலத்தான் இருந்தது. அவர் ஓர் இடத்திலும் தயங்காமல் மூன்றாவது பிரிவில் இடது பக்கம் இறங்கி, ஒரு சிவப்புக் கோடு ஓடிய மண்சுவருக்குக் கீழே குந்தி உட்கார்ந்தார். தரையில் பல் கிடந்த அச்சு அப்படியே ஒரு சின்னப் பள்ளமாக இருந்தது. அதில் பல்லை வைத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி திருப்பி, "பல்லு கீழ பாத்து இருந்துச்சு. தாடை மேக்கால" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் கிடந்த ஒரு மண்கட்டியை எடுத்து அதன்மேல் சாய்த்து வைத்தார். "இதுவும் இருந்துச்சு" என்றார். பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை, அந்தத் தம்பதி போய்விட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவம்

பூங்காவின் பார்வையாளர் மையத்துக்கு பென் ரீஃபல் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் லகோட்டாக்காரர். பெண் முந்திக்கொண்டு உள்ளே ஓடி, "என் தாத்தா ஒரு எலும்பு கண்டுபிடித்தார்" என்று சொல்லிவிட்டாள். மேசைக்குப் பின்னாலிருந்த ரேஞ்சர் பெண்மணி ஒரு படிவத்தை நீட்டினார். எங்கே, எப்போது, எப்படிக் கிடந்தது, படம் இருக்கிறதா. பிறகு, அதை அசைத்தீர்களா என்று கேட்டார். அப்பாவுக்கு மொழிபெயர்க்காமலே "இல்லை" என்றேன். அப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து, "யெஸ். ஐ டேக். தென் ஐ புட்" என்றார். கையால் திருப்பி வைத்தும் காட்டினார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ரேஞ்சர் கோபப்படவில்லை. எடுத்து, அதே இடத்தில் வைக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அடுத்த தடவை கைவைக்காமல் வந்து சொல்லுங்கள் என்றார். அப்பா வரைபடத்தில் விரலை வைத்து மூன்றாவது பிரிவு, இடது பக்கம், சிவப்புக் கோடு என்று சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். செல்போன் படத்தைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஓரியோடான்ட்டாக இருக்கும், நிபுணர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். செம்மறியாட்டு அளவில் கூட்டம் கூட்டமாக இலை தின்று திரிந்த மிருகம், இன்று அதன் வம்சம் எங்குமே இல்லை. அந்தக் காலத்து விஞ்ஞானி ஜோசப் லைடி, அசைபோடும் பன்றி என்று அதை வர்ணித்திருக்கிறார். அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பன்னிப் பல்லு இப்படி இருக்காது" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

எடுத்துப் பத்திரமாக வைத்தால் என்ன தப்பு என்று அப்பா கேட்டதற்கு ஓடையில் எனக்கு வராத பதிலை ரேஞ்சர் நான் கேட்காமலே சொன்னார். 1993இல் இரண்டு பார்வையாளர்கள் கொனாட்டா என்ற இடத்தில் ஒரு முதுகெலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்களாம். நாலு நாள் வேலை என்று தோண்டப் போனார்கள். பதினைந்து கோடைகாலம் தோண்டினார்கள், 2008 வரை. 19,000க்கும் மேற்பட்ட எலும்புகள். முதலில் பன்றி மாதிரியான ஒரு மிருகம் என்று நினைத்துப் பன்றித் தோண்டல் என்றே பெயரும் வைத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் அது கொம்பில்லாத காண்டாமிருகம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வறட்சியில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டை, தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் சேற்றில் சிக்கிச் செத்த இடம் என்பது எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த விதத்தை வைத்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு பேர் முதுகெலும்பைப் பெயர்த்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால் யார் வீட்டு ஷோகேஸிலோ ஒரு எலும்பு இருந்திருக்கும். 2010இல் இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வாள்பல் கொண்ட, பூனை போன்ற விலங்கின் மண்டையோட்டைப் பார்த்துச் சொன்னதையும் ரேஞ்சர் சொன்னார். என் பெண்ணுக்கு எட்டு வயது. அதற்கப்புறம் அவளைத் தரையிலிருந்து நிமிர வைக்க முடியவில்லை.

உள்ளே ஒரு ஆய்வகம், பொதுமக்கள் நின்று பார்க்கலாம். ஒரு இளம்பெண் பூதக்கண்ணாடிக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து மண்ணை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பயணத்தில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அரிசியில கல்லுப் பொறுக்குறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், ஆனா இந்தப் பொண்ணு அலுக்காம செய்யிது பாரு" என்று முக்கால் மணி நேரம் பார்த்தார். எக்செல் தாளின் இரண்டு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

பொழுது சாயும்போது மஞ்சள் மேடுகள் என்ற இடத்தில் நிறுத்தினோம். மற்ற இடமெல்லாம் சாம்பல், இங்கே மட்டும் மஞ்சள்தூளைக் கொட்டி வைத்த மாதிரி. சுமார் ஏழரைக் கோடி வருடம் முன்பு வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்துகொண்டு கிடந்த கடலின் சேறு அது. கடல் வடிந்தபின் காற்றும் மழையும் பட்டு மஞ்சளான பழைய மண். காரைக் கடல் அதைவிட மூத்தது. அப்பா மேட்டில் ஏறவில்லை. ஓரத்தில் குந்தி, மண்ணை விரலால் தொட்டார். எடுக்கவில்லை. தொட்ட விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

காரில் ஏறியதும், இந்தப் பூங்காவின் தென்பகுதி யாருடையது என்று கேட்டார். வரைபடத்தில் நிறம் மாறியிருந்ததைப் பார்த்திருக்கிறார். பைன் ரிட்ஜ், ஓக்லாலா லகோட்டாக்களுக்கு ஒதுக்கிய நிலம் என்றேன். 1942இல் விமானப்படை குண்டுபோட்டுப் பழக இடம் வேண்டுமென்று அதில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 125 குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் டூயி பியர்ட் என்ற முதியவர், ராணுவம் லகோட்டாக்களைச் சுட்டுக்கொன்ற 1890 வூண்டட் நீ படுகொலையில் குண்டடிபட்டுப் பிழைத்தவர். "கெட்ட நிலம்னா குண்டு போடலாம்னு நெனச்சிருக்கான்" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும், "நான் அந்தப் பல்ல எடுத்துருக்கக் கூடாதுதான்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. வால் டிரக் என்ற மருந்துக்கடையின் விளம்பரப் பலகை ஒன்று வந்தது. 1936இலிருந்து ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சொல்லியே கூட்டம் சேர்த்த கடை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் ரஷ்மோரில் நாலு தலைகளையும் பார்த்துவிட்டு அப்பா, "நல்லா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அக்டோபரில் ஊருக்குத் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மழை, வெங்காய விலை, முட்டிவலி. ஒரு தடவைகூட அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. நான்தான் ஷோகேஸ் பக்கம் போகும்போதெல்லாம் கொளக்காநத்தம் ரோட்டில் மனசுக்குள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பெண் டிராயரைத் திறந்து கல்லை எடுத்துவிட்டாள். அவளிடம் ஒரு காகிதம் இருந்தது. பேட்லேண்ட்ஸில் எழுதாத படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. பென்சிலைச் சீவிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "கண்டுபிடித்தவர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். வருடம் கேட்டாள், சொன்னேன். அசைத்தீர்களா? ஆமாம். எங்கே? காரை. "காரையில எங்கப்பா?"

ரோட்டுக்கு மேற்கே என்று எழுதச் சொன்னேன். கிழக்காகவும் இருக்கலாம்.